ஒட்சிசன் குறைவும் புற்றுநோய்க் கலங்களும்

உணவின்றி மனிதன் சில வாரங்கள் உயிர் தரிக்கலாம். நீரின்றிச் சில நாட்கள் தரிக்கலாம். மூச்சின்றிச் சில நிமிடங்களுக்கு மேல் இருத்தல் இயலாது. நம் உடலின் கலங்கள் கணந்தோறும் ஒட்சிசனை வேண்டி நிற்பதே இதற்குக் காரணம். நுரையீரலிற் குருதி ஏற்றுக்கொண்ட ஒட்சிசனை இதயம் உடலெங்கும் செலுத்துகின்றது. மயிர்க்குழாய்கள் அதனைக் கலங்களின் அயல்வரை கொண்டு செல்கின்றன. அங்கிருந்து கலத்தினுள்ளே செல்வதற்கு இதயத்தின் உதவி கிடையாது. பரவல் ஒன்றினாலேயே அது செல்லல் வேண்டும். அவ்வாறு செல்லத்தக்க தூரமோ மிகச் சிறிது. ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கைத் தானும் அது பெரும்பாலும் எட்டுவதில்லை. புற்றுநோய்க் கட்டியின் உட்புறத்தே நிகழும் பலவற்றிற்கு இச்சிறு தூரமே காரணமாகின்றது. அஃது எங்ஙனம் என்பதையும், ஆய்கூடத்தில் வளர்க்கப்படும் சிறு இழையவுருக்கள் அதனை எவ்வாறு வெளிப்படுத்தின என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவாம்.

பரவல் என்பது உயர்தர வகுப்பு மாணவர் யாவரும் அறிந்த பாடம். நீரில் இட்ட பொற்றாசியம் பரமங்கனேற்றின் ஊதா நிறம் மெல்லப் பரவுவதைக் காட்டி, அவ்வளவில் நாம் பாடத்தை நிறுத்திவிடுகின்றோம். உயிருள்ள இழையத்திலோ வேறொரு நிகழ்ச்சியும் உடனிகழ்கின்றது. வழியிலுள்ள ஒவ்வொரு கலமும் தன் பங்கை எடுத்துக்கொள்கின்றது. வாய்க்காலின் தலைப்பிலுள்ள வயல்கள் நீரை எடுத்துக்கொள்ளக் கடைமடை வறண்டு கிடத்தல் போல, குழாய்க்குத் தொலைவிலுள்ள கலங்களுக்கு ஒட்சிசன் எஞ்சுவதில்லை. இக்கணக்கை முதன்முதலிற் செவ்வையாகச் செய்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஒகஸ்ட் குரோக் ஆவர். கணிதவியலாளர் ஏர்லாங்கின் துணைகொண்டு 1919 இல் அதனை வெளியிட்ட அவர், மயிர்க்குழாய்கள் பற்றிய ஆய்வுக்காக 1920 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இவ்வகைக் கணக்கினின்று பெறப்படும் விதியொன்றை ஈண்டு மனத்திற் கொள்ளல் வேண்டும். தட்டையான இழையப் படையொன்றில் ஒட்சிசன் சென்றெட்டும் ஆழம், வெளியேயுள்ள ஒட்சிசன் அழுத்தத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதசமமாகும். அஃதாவது, அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் ஆழம் இருமடங்கே ஆகும்.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். 1955 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த தொம்லின்சன், கிரே என்னும் இருவர், நுரையீரற் புற்றுநோயாளரிடமிருந்து பெற்ற இழையத்தின் மெல்லிய வெட்டுமுகங்களை நுணுக்குக்காட்டியில் அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். புற்றுநோய்க் கலங்கள் தூண் போன்ற திரள்களாக வளர்ந்திருந்தன. குருதிக் குழாய்கள் அத்திரள்களின் புறத்தே ஓடின. ஆரை 160 மைக்கிரோமீற்றருக்குக் குறைந்த திரள்களில் உட்கலங்களும் உயிருடன் இருந்தன. ஆரை 200 மைக்கிரோமீற்றரைக் கடந்த திரள்களிலெல்லாம் நடுப்பகுதி இறந்து கிடந்தது. திரள் எவ்வளவு பருத்தாலும் உயிருள்ள புறவோடு ஏறத்தாழ 180 மைக்கிரோமீற்றருக்கு மேல் தடிக்கவில்லை. பரவற் கணக்கினால் அவர்கள் பெற்ற தூரமும் இதனோடு ஒத்திருந்தது. நோயியலாளர் பல்லாண்டுகளாகக் கண்டும் பொருட்படுத்தாதிருந்த ஒரு காட்சியை, அளவுகோல் கொண்டு நோக்கியதனால் வந்த பேறு இது. கிரே ஒரு பௌதிகவியலாளர். கதிர்வீச்சு அளவையின் அலகுக்கு இன்று அவர் பெயரே வழங்குகின்றது.

பௌதிகவியலாளர் ஒருவர் இதிலே தலையிட்டது ஏன் எனின், எக்ஸ் கதிர்ச் சிகிச்சையின் வெற்றி தோல்வி இதனோடு பிணைந்திருந்தமையினாலாம். தோலை அழுத்திக் குருதியோட்டத்தைக் குறைத்தால் கதிரின் தாக்கம் குறைகின்றது என்பதைச் சுவார்ட்ஸ் என்பவர் 1909 இலேயே கண்டிருந்தார். காரணம் பின்னரே தெளிவாயிற்று. கதிர் கலத்தினூடு செல்லும்போது அதன் பரம்பரைப் பொருளாகிய டி.என்.ஏ. இழையிற் சுயாதீன மூலிகங்கள் தோன்றுகின்றன. அவற்றின் ஆயுள் மிக மிகக் குறுகியது. அக்கணத்தில் ஒட்சிசன் அருகிருப்பின் அது மூலிகத்தோடு சேர்ந்து காயத்தை நிலைபெறச் செய்துவிடும். இல்லையேல், கலத்திலுள்ள கந்தகச் சேர்வைகள் ஐதரசனை வழங்கி அக்காயத்தைச் செப்பனிட்டுவிடும். ஆகவே ஒட்சிசன் அற்ற கலத்தைக் கொல்வதற்கு, ஒட்சிசன் நிறைந்த கலத்திற்கு வேண்டியதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர் வேண்டும். இறந்த நடுப்பகுதிக்கும் உயிருள்ள புறவோட்டிற்கும் இடையே, மூச்சுத் திணறியும் இறவாது கிடக்கும் கலங்களின் மெல்லிய படையொன்று உண்டு. சிகிச்சைக்குத் தப்பி நோயை மீண்டும் தளிர்க்கச் செய்பவை அவையே என்பது தொம்லின்சன், கிரே ஆகியோரின் ஐயம். கதிர்ச் சிகிச்சையை ஒரே நாளிற் கொடாது பல வாரங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதன் காரணங்களுள் ஒன்றும் இதுவாகும். புறக் கலங்கள் இறந்தொழிய, உட்கலங்களை ஒட்சிசன் எட்டுதற்கு இடைவேளை கிடைக்கின்றது.

ஆயின் வெட்டுமுகம் என்பது இறந்த இழையம். கலம் ஒட்சிசனை இழக்கும்போது என்ன செய்கின்றது என்பதை அதிற் காணல் இயலாது. உயிருள்ள கலங்களை உடலுக்கு வெளியே வளர்க்கும் கலையை 1907 இல் ரொஸ் ஹரிசன் தொடக்கிவைத்தார்; இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் புற்றுநோய்க் கலங்களும் கண்ணாடிப் பாத்திரங்களிற் பெருக வளர்க்கப்பட்டன. அங்கே அவை பாத்திரத்தின் அடியில் ஒற்றைப் படையாகப் படிந்து வளரும். இம்முறையாற் பெற்ற நன்மைகள் பல. எனினும் அது கலங்களை உடலிற் கிடையாத செல்வச் செழிப்பில் வைக்கின்றது. வளியில் ஒட்சிசனின் அழுத்தம் ஏறத்தாழ 160 மில்லிமீற்றர் இரசம். கலங்களை வளர்க்கும் வெப்பப் பெட்டியில் 5 சதவீதம் காபனீரொட்சைட்டும் நீராவியும் சேர்வதால் அது 140 அளவிற்கு இறங்கும். நம் இழையங்களிலோ அது பெரும்பாலும் 20 முதல் 50 வரையே. புற்றுநோய்க் கட்டிகளிற் பல இடங்களில் 10 இற்கும் கீழே இறங்கிவிடுகின்றது. ஆய்கூடத்தில் "இயல்பான ஒட்சிசன்" என்று எழுதிவைப்பது உடலுக்குச் சற்றும் இயல்பானதன்று. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெட்டியின் முகப்பில் எழுதிய அளவு, ஊடகத்தின் அடியிற் கிடக்கும் கலத்தை எட்டுவதுமில்லை. ஊடகம் ஆழமாகவும் கலங்கள் நெருக்கமாகவும் இருந்தால் அடியில் ஒட்சிசன் வெகுவாகக் குன்றிவிடும். அளவிடாது அனுமானித்த ஆய்வாளர் பலர் இதனால் வழுக்கியதுண்டு.

இக்குறையை நீக்க எழுந்தனவே முப்பரிமாண இழையவுருக்கள். அவற்றுள் எளியது கலக்கோளம். ஏகார் பூசிய பாத்திரத்தின் அடியிற் கலங்கள் ஒட்டமாட்டா. சுழலும் குடுவையிலும் அவை எங்கும் படிய இடமில்லை. வேறு பிடிமானம் இன்மையால் அவை ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகத் திரள்கின்றன. கனடாவிலே, ஒன்ராறியோ மாகாணத்து இலண்டன் நகரில், சதர்லாந்தும் அவர்தம் துணைவரும் சீன ஹம்ஸ்ரர் என்னும் சிறு விலங்கின் நுரையீரற் கலங்களை இவ்வாறு வளர்த்து 1971 இல் விவரித்தனர். உருண்டை பருத்ததும், பதினாறு ஆண்டுகளுக்கு முன் வெட்டுமுகத்திற் கண்ட அதே காட்சி பாத்திரத்திலே தோன்றியது. புறத்தே பிரிந்து பெருகும் கலங்கள். அடுத்து உயிருடனிருந்தும் பெருகாது ஓய்ந்த கலங்கள். நடுவே இறந்த கலங்கள். குருதிக் குழாயே இல்லாத ஓர் உருண்டை, கட்டியின் அமைப்பைத் தானாகவே பெற்றுவிட்டது.

மாணவர் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். உயிருள்ள புறவோட்டின் தடிப்பு 180 மைக்கிரோமீற்றர் எனக் கொள்க. கோளத்தின் ஆரை 400 மைக்கிரோமீற்றர் ஆயின், உட்பகுதியின் ஆரை 220. கனவளவு ஆரையின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், உட்பகுதி முழுக் கோளத்தின் ஆறிலொரு பங்கு. ஆரையை 1000 மைக்கிரோமீற்றராக்கினால் உட்பகுதி பாதிக்கு மேலாகிவிடுகின்றது. இரண்டு மில்லிமீற்றர் விட்டம் என்பது ஒரு கடுகின் அளவேயாம். (நடுப்பகுதி இறப்பதற்கு ஒட்சிசன் குறைவு மட்டுமே காரணமன்று, குளுக்கோசுக் குறைவும் கழிவுகளின் தேக்கமும் பங்குகொள்கின்றன என்பதையும் சொல்லிவைத்தல் முறை.)

இங்கு நம் கவனத்திற்குரியவை இறந்த கலங்களல்ல. இடையிலே உயிர் தாங்கி நிற்பவையே. அவை வெறுமனே வாடிக் கிடக்கின்றனவா? இல்லை என்பதே விடை. கலத்தினுள்ளே ஒட்சிசனை அளக்கும் பொறியொன்று உண்டு. சிறுநீரகம் ஒட்சிசன் குறையும்போது எரித்திரோபொயற்றின் என்னும் ஓமோனைச் சுரந்து செங்குருதிக் கலங்களைப் பெருக்குவது நெடுநாளாக அறியப்பட்டது. அது எவ்வாறு நிகழ்கின்றது என ஆராய்ந்த அமெரிக்கராகிய கிரெக் செமென்சா, 1992 இல் அதனை ஏவும் புரதத்தைக் கண்டார். ஒட்சிசன் குறைவினால் தூண்டப்படும் காரணி எனப் பெயரிடப்பட்ட அது, எச்.ஐ.எஃப். எனச் சுருக்கி வழங்கப்படுகின்றது. அதன் அல்பாக் கூறு கலத்தில் இடையறாது ஆக்கப்படுகின்றது. ஆக்கப்பட்டவுடன் இடையறாது அழிக்கவும் படுகின்றது. ஒட்சிசன் உள்ளபோது நொதியங்கள் அப்புரதத்தின் புரோலீன் அலகுகள் இரண்டில் ஐதரொட்சிற் கூட்டத்தைச் சேர்க்கின்றன. வொன் ஹிப்பெல் லிண்டௌ என்னும் வேறொரு புரதம் அவ்வடையாளத்தைக் கண்டு அதனை அழிவுக்கு ஒப்புவிக்கின்றது. ஒட்சிசன் அற்றபோது அடையாளம் இடப்படுவதில்லை, புரதம் அழிவதில்லை, கருவினுட் புகுந்து பற்பல பரம்பரையலகுகளைத் தொழிற்படுத்துகின்றது. ஆக்கி அழித்தல் வீண்செலவு போலத் தோன்றலாம். ஆயின் புதிதாக ஆக்கத் தொடங்கிக் காத்திராது, நிமிடக் கணக்கிற் கலம் மறுமொழி தர இதுவே வழி. ஒட்சிசன் நிறைந்த கலத்தில் அப்புரதத்தின் அரைவாழ்வு ஏறக்குறைய ஐந்து நிமிடமே. அடையாளமிடும் இரகசியத்தை 2001 இல் வெளிப்படுத்திய வில்லியம் கேலின், பீற்றர் றட்கிளிஃப் ஆகியோரும் செமென்சாவும் 2019 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மலையேறுவோரை வாழவைக்கும் இப்பொறியையே புற்றுநோய்க் கலமும் பயன்படுத்துகின்றது. குளுக்கோசை உள்ளிழுக்கும் வாயில்கள் பெருகுகின்றன. ஒட்சிசனின்றியே குளுக்கோசு இலத்திக்கமிலமாக உடைக்கப்படுகின்றது. அயலிலுள்ள குருதிக் குழாய்களைத் தன்பால் வளரத் தூண்டும் புரதமும் சுரக்கப்படுகின்றது. கட்டிகள் குருதிக் குழாய்களை வரவழைத்தே வளர்கின்றன என யூடா போக்மன் 1971 இல் வாதிட்டார். அத்தூண்டற் புரதம் மூளைப் புற்றுநோயில் இறந்த பகுதியின் ஓரத்தே மிகுந்திருப்பதை, எருசலேமைச் சேர்ந்த ஆய்வாளர் 1992 இற் காட்டினர். அவர்களே 1995 இற் கலக்கோளங்களை வளர்த்து, ஒட்சிசன் குன்றிய உட்படைகளில் அது சுரப்பதையும் காட்டினர். கட்டியிற் கண்டது கோளத்திலும் காணப்பட்டதனால் காரணம் உறுதியாயிற்று.

இதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. ஒட்சிசன் குறைந்தால் இயல்பான கலங்கள் பல தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும். பி53 என்னும் காவற் புரதத்தை இழந்த கலங்களோ அவ்வாறு மாய்வதில்லை. ஆகவே ஒட்சிசன் பஞ்சம் நீடிக்க நீடிக்க, காவலிழந்த கலங்களே எஞ்சிப் பெருகுகின்றன. 1996 இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட இவ்வுண்மை, டார்வினின் இயற்கைத் தேர்வு ஒரு கட்டியினுள்ளேயே நடைபெறுவதைக் காட்டுகின்றது.

ஒட்சிசன் குன்றிய கலங்கள் இடம்பெயர்கின்றனவா என்பது அடுத்த வினா. புற்றுநோயாளரிற் பெரும்பாலோர் இறப்பது முதற் கட்டியினாலன்று, அதிலிருந்து பிற உறுப்புக்களுக்குச் சென்ற கலங்களினாலேயாதலின் இவ்வினா சிறிதன்று. பல்ரிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷரன் கெரெக்ட் என்பாரும் அவர்தம் குழுவினரும் இதற்கெனச் செலத்தீனிலிருந்து ஒரு கூழ் செய்தனர். அக்கூழை இறுகச் செய்யும் நொதியம், இறுகும்போதே ஒட்சிசனைச் செலவிடுகின்றது. இதனால் ஒருபுறம் ஒட்சிசன் மிக்கும் மறுபுறம் குன்றியும் படிப்படியாக மாறும் ஓர் இழையவுரு கிடைக்கின்றது. தசை, கொழுப்பு முதலிய மெல்லிழையங்களிற் தோன்றும் சார்க்கோமாவின் கலங்களை அதிலிட்டு 1916 அன்று, நம் காலத்து 2016 இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வருமாறு: ஒட்சிசன் படிப்படியாக மாறும் கூழிற் கலங்கள் விரைவாகவும் நெடுந்தூரமும் நகர்ந்தன, நகர்ந்த திசை ஒட்சிசன் மிகும் திசையாகவே இருந்தது. உடலில் அத்திசை குருதிக் குழாய் உள்ள திசையாகும். கலத்திற்கு விருப்பு வெறுப்பு உண்டு என்று கூறுதல் தகாது. ஆயினும் பஞ்சம் பட்ட ஊரைவிட்டு மக்கள் பெயர்ந்து செல்லுதலை இது நினைவூட்டாமற் போவதில்லை.

இத்தகைய ஆய்வுகளில் ஒரு நடைமுறை இடர் இருந்தது. கோளத்தையோ கூழையோ வெட்டிப் பிரிப்பதற்குள் உட்கலங்களிற் காற்றுப் படும். ஐந்து நிமிட அரைவாழ்வுடைய புரதம் அதற்குள் அழிந்துவிடும். தொறொன்ரோப் பல்கலைக்கழகத்து அலிசன் மக்குவிகன் குழுவினர் 2016 இல் இதற்குக் கண்ட வழி வியக்கத்தக்கது. நீண்ட கடதாசிக் கீலத்திற் கலங்களைக் கூழோடு ஊட்டி, ஒரு சிறு தண்டின்மேற் பாயைச் சுருட்டுவது போற் சுருட்டினர். புறச்சுற்றிலுள்ள கலங்களுக்கு ஒட்சிசன் உண்டு, உட்சுற்றிலுள்ளவற்றிற்கு இல்லை. வேண்டியபோது சுருளை ஒரு நொடியில் விரித்து, ஒவ்வொரு சுற்றிலும் கலங்கள் இருந்த நிலையை அவ்வாறே ஆராயலாம். பெரும்பொருட் செலவில்லாத உபாயம்.

மருந்துகளைச் சோதிப்பதிலும் இவ்வுருக்கள் நம் கண்ணைத் திறந்தன. டொக்சொரூபிசின் என்னும் மருந்து தானே ஒளிரும் தன்மையது. கலக்கோளத்தை அம்மருந்தில் இட்டுப் பார்த்தால் புறப்படைகளே ஒளிர்கின்றன. உட்படைகள் இருண்டு கிடக்கின்றன. ஒட்சிசன் செல்ல இயலாத இடத்திற்கு மருந்தும் செல்ல இயலவில்லை. சென்றாலும், பெருகும் கலங்களையே தாக்கும் மருந்துகளுக்கு ஓய்ந்த கலங்கள் இரையாவதில்லை. ஒட்சிசன் குறைந்த இடத்திலேயே நஞ்சாக மாறும் மருந்து ஒன்றைச் செய்தால் என்ன என்ற எண்ணத்தில் உருவானது திரப்பசமீன். ஆய்கூடத்தில் அது சிறந்து விளங்கியது. தலை, கழுத்துப் புற்றுநோயாளர் எண்ணூற்றுக்கு மேற்பட்டோரிடம் கதிர்ச் சிகிச்சையோடு சேர்த்துச் சோதித்தபோது பயன் காணப்படவில்லை. 2010 இல் அம்முடிவு வெளியாயிற்று. அம்மருந்து இழையத்தினுட் போதிய ஆழம் செல்வதில்லை என்பதைப் பலபடைக் கல வளர்ப்புக்கள் காட்டியிருந்தன. அன்றியும் நோயாளர் யாருடைய கட்டியில் ஒட்சிசன் குறைவு என அளந்து தெரிந்தெடுக்காமலே அச்சோதனை நடந்தது. இழையவுருக்களுக்கும் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது. அவற்றிற் குருதியோட்டமில்லை, கட்டியினுள் கோணலாக வளர்ந்த குழாய்கள் சில வேளை அடைபட்டுச் சில வேளை திறப்பதால் நிகழும் ஏற்றத்தாழ்வை ஓர் உருண்டை காட்டமாட்டாது.

வேறோரிடத்தில் இவ்வறிவு நேராகவே பயன் தந்தது. சிறுநீரகப் புற்றுநோய் பலவற்றில் வொன் ஹிப்பெல் லிண்டௌ புரதம் பழுதுற்றிருக்கும். அதனால் ஒட்சிசன் இருந்தும் இல்லாதது போலக் கலம் நடந்துகொள்ளும். எச்.ஐ.எஃப். புரதங்களுள் இரண்டாவது வகையைத் தடுக்கும் பெல்சூற்றிபான் என்னும் மருந்து, அப்பழுதைப் பரம்பரையாகப் பெற்ற நோயாளருக்கென அமெரிக்காவில் 2021 இல் அனுமதிக்கப்பட்டது.

இவ்விடத்து ஒரு தவறான கருத்தைக் குறிப்பிடாதிருத்தல் முறையன்று. புற்றுநோய்க் கலங்கள் ஒட்சிசன் உள்ளபோதும் குளுக்கோசை இலத்திக்கமிலமாக்குகின்றன என்பதை ஜேர்மனியரான ஒட்டோ வார்பூர்க் 1920 களிற் கண்டார். அது உண்மை. கலத்தின் சுவாசம் பழுதுறுவதே புற்றுநோயின் மூலகாரணம் என்று 1956 இல் அவர் எழுதியதை அறிவியல் ஏற்கவில்லை. புற்றுநோய்க் கலங்கள் பெரும்பாலானவற்றிற் சுவாசம் நன்கே நடைபெறுகின்றது. ஆயினும் அவருடைய பெயரையும் அவர் 1931 இல் வேறோர் ஆய்வுக்காகப் பெற்ற நோபல் பரிசையும் எடுத்துக்காட்டி, ஒட்சிசன் ஏற்றிய நீரையும் பிறவற்றையும் புற்றுநோய்க்கு மருந்தென விற்போர் இன்றும் உளர். நீரைக் குடித்தாற் கட்டியின் நடுவே ஒட்சிசன் மிகுந்துவிடாது என்பதற்கு மேலே கூறிய வர்க்கமூல விதியே போதிய சான்று. இலண்டனிலே 1950 களில் நோயாளரை மூன்று வளிமண்டல அழுத்தமுள்ள ஒட்சிசன் அறையிற் கிடத்திக் கதிர்ச் சிகிச்சை அளித்துப் பார்த்தனர். அவ்வளவு முயற்சியும் செலவும் வேண்டியிருந்ததே தவிர, அது பொதுவழக்காக நிலைக்கவில்லை.

டென்மார்க்கில் வேறொரு வழி கையாளப்படுகின்றது. வயிற்றளைச்சலுக்கு நாம் உட்கொள்ளும் மெற்றொனிடசோலின் இனமாகிய நிமோரசோல், கதிரின் முன்னிலையில் ஒட்சிசனைப்போற் செயலாற்றுவது. தொண்டைப் புற்றுநோயாளரிடம் அது பயன் தந்ததை அந்நாட்டு மருத்துவர் 1998 இல் வெளியிட்டனர். பிரித்தானியாவிற் பின்னர் நடந்த சோதனை அப்பயனைக் காட்டவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் ஒன்றாகையால், அதன் தீர்ப்பு நமக்கும் உரியது. இதற்கிடையே மருந்தெதுவும் வேண்டாத ஒரு செய்தி 1993 இலேயே கனடாவிலிருந்து வந்துள்ளது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெறுங்காலத்தும் புகைப்பழக்கத்தைத் தொடர்ந்தவர்களிடம் சிகிச்சையின் பயன் குறைவாகவும், அவர்தம் ஆயுள் குறுகியும் காணப்பட்டன. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்கிற்கு மேல் வலுவாகக் குருதியின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்வது. கட்டியின் உட்படைக்குச் செல்லவேண்டிய சிறிதளவு ஒட்சிசனும் அதனால் வழியிலேயே குறைந்துவிடுகின்றது.